வேகக் கார்களில் தானியங்கி கியர்பாக்ஸ்: மாற்றுவேகத்தின் வரலாறு

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்த பின்போ நெம்புகோலைத் தள்ளிய பின்போ, தானியங்கி கியர்பாக்ஸ் அடுத்த கியரில் முழுமையாகப் பற்றிக்கொள்ள எடுக்கும் நேரமே அதன் மாற்றுவேகத்தைக் காட்டுகிறது. 1990களின் நடுப்பகுதி வரை வந்த வேகக் கார்களில் இந்த நேரம் நீண்டது என்பது பரவலான கருத்து. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பிறவிக் குணமே அதற்குக் காரணம் என்றும் சொல்லிவிடுவார்கள். வரலாற்றுச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் பாதிதான் நிற்கிறது. பழைய கியர்பாக்ஸின் மந்தத்தில் மூன்று தாமதங்கள் கலந்திருக்கின்றன: மாற்ற வேண்டும் என்ற முடிவு பிறக்கும் வரையிலான தாமதம், ஒரு கிளட்ச் விட்டு இன்னொரு கிளட்ச் பற்றும் நேரம், கன்வர்ட்டருக்குள் நிகழும் வழுக்கல். இவற்றைப் பிரித்துப் பார்க்கும்போது, மேல் கியருக்கு ஏறுகையில் இருந்த மந்தம் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் விரும்பி வைத்தது என்பதும், கீழ் கியருக்கு இறங்குகையில் இருந்ததே உண்மையான தொழில்நுட்ப எல்லை என்பதும் தெரியவருகிறது.

பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கி கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக். 1939இல், 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது அறிமுகமானது. நான்கு கியர்களும் ஒரு திரவ இணைப்பும் கொண்ட அந்தப் பெட்டி கியர் மாறுவதை ஓட்டுநரிடம் மறைக்கவில்லை. மாற்றங்கள் அழுத்தமாக, சில வேளைகளில் குலுக்கலோடு வந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இலகு டாங்கிகள் வரை அது போய்ச் சேர்ந்தது. 1948இல் வந்த பியூக் டைனாஃப்ளோ நேர் எதிர்த்திசையில் சென்றது. சாதாரண ஓட்டத்தில் அதில் கியர் மாற்றமே கிடையாது. எல்லா வேலையையும் டார்க் கன்வர்ட்டரே செய்தது. வண்டி வழுவழுப்பாகப் போனது, வேகம் மட்டும் தாமதமாக வந்தது. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. அழுத்தமான மாற்றம் முதலில் வந்தது, மென்மை பின்னால் சந்தைக்காகச் சேர்க்கப்பட்டது. ஆகவே மந்தத்தைத் தொடக்ககாலக் குறைபாடு என்று கொள்வதற்கு வரலாறு இடம் தரவில்லை.

அக்காலக் கட்டுப்பாடு முழுவதும் எண்ணெய் அழுத்தத்தால் நடந்தது. வண்டியின் வேகத்தோடு உயரும் கவர்னர் அழுத்தம் ஒரு பக்கம், ஆக்சிலரேட்டர் கேபிளோ இன்ஜின் வெற்றிடமோ தரும் எதிர் அழுத்தம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் வால்வு எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அதற்கேற்ப கியர் மாறும். மாறும் கணத்தில் கிளட்சுக்குச் செல்லும் எண்ணெய் சிறு துளைகள் வழியே மட்டுப்படுத்தப்படும். சுருள்வில் தாங்கிய ஒரு பிஸ்டன் அந்த அழுத்த உயர்வை மெதுவாக்கும். பயணிகளுக்குக் குலுக்கல் தெரியாமல் இருப்பதே இந்தத் துளைகளுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள முதன்மை வேலை. அமெரிக்க இழுவைப் பந்தயக்காரர்கள் 1950களிலேயே இதைப் புரிந்துகொண்டார்கள். வால்வு பாடியைக் கழற்றித் துளைகளைப் பெரிதாக்கினார்கள், அடிப்படை அழுத்தத்தைக் கூட்டினார்கள், மெத்தை போல் நின்ற பிஸ்டனின் ஓட்டத்தைக் குறைத்தார்கள். பிறகு இதே வேலைக்கான உதிரிப் பாகங்கள் ‘ஷிஃப்ட் கிட்’ என்ற பெயரில் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அதே கிளட்ச், அதே பற்சக்கரங்கள், அதே கன்வர்ட்டர்; மாற்றம் மட்டும் சட்டென்று நடந்தது. மேல்மாற்றத்தின் மந்தம் கன்வர்ட்டரில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பந்தயத் தளங்களின் சாட்சியமும் இதையே சொல்கிறது. கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் 1956இல் வந்தது. 1962இல் அதன் அலுமினிய உறை கொண்ட 727 வடிவம் வெளிவந்தது. அந்த ஆண்டின் 413 கன அங்குல ‘மேக்ஸ் வெட்ஜ்’ பிளைமவுத், டாட்ஜ் கார்கள் பொத்தான் அழுத்தி இயக்கும் டார்க்ஃப்ளைட்டோடு கால் மைல் ஓட்டங்களில் பேர்பெற்றன. 1950இல் குடும்பக் காருக்காக வந்த இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட், இன்றும் இழுவைப் பந்தயத்தில் பயன்படுகிறது. கன்வர்ட்டர் புறப்படும்போது முறுக்குவிசையைப் பெருக்கித் தருவதும், ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றுபோல் அமைவதும் அங்கே மதிக்கப்பட்டன. சுற்றுப்பாதையில் ஜிம் ஹாலின் சப்பரால் கார்கள் டார்க் கன்வர்ட்டரோடு ஓடின. 1966 நியூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை ஃபில் ஹில்லும் யோ போனியரும் வென்றது அத்தகைய சப்பரால் 2டி காரில்தான். அங்கே கியரைத் தேர்ந்தவர் ஓட்டுநர் என்பது உண்மை. ஆனால் அந்த மறுப்பு இந்த வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது: முடிவெடுக்கும் பொறுப்பு மனிதனிடம் போனதும் கன்வர்ட்டர் தடையாக இருக்கவில்லை. 1967 போன்டியாக் ஜி.டி.ஓ.வில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் இரட்டைத் தடக் கியர் நெம்புகோல் சாலை ஓட்டுநருக்கும் இதே வசதியைத் தந்தது.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வேகமாக மாற்றினால் கியர்பாக்ஸ் உடைந்திருக்கும், மெதுவான மாற்றம் ஆயுளுக்காகச் செய்த ஏற்பாடு என்பார்கள். கிளட்ச் தகடுகளைப் பொறுத்தவரை இது சரியல்ல. தகடுகள் வழுக்கும் நேரம் கூடக் கூட அவற்றில் சேரும் வெப்பமும் கூடும். சுருக்கமான மாற்றம் தகட்டுக்கு நல்லது. அதிர்ச்சியைத் தாங்க வேண்டியவை தண்டுகள், கார்டன் இணைப்புகள், பின் அச்சுப் பற்சக்கரங்கள். இந்தப் பக்கத்தில் ஆட்சேபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் கனத்த பின் அச்சோடு விற்கப்பட்ட வேகக் கார்களுக்கும் சொகுசுக் கார்களுக்கான அதே மென்மை பெரும்பாலும் கொடுக்கப்பட்டதை ஆயுளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. தானியங்கி வாங்குபவர் நிம்மதி தேடுபவர் என்ற விற்பனைக் கணிப்பே அதற்குக் காரணம்.

கீழ்மாற்றத்தின் கதை வேறு. 1976இல் ஃபெராரி முதன்முறையாகத் தானியங்கி கியர்பாக்ஸோடு வெளியிட்ட 400 மாடலில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் டர்போ ஹைட்ரா-மேட்டிக் 400. அதன் விகிதங்கள் 2.48, 1.48, 1.00. மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓடும் இன்ஜின், இரண்டாம் கியருக்கு இறங்க 4,440 சுழற்சிக்கு எழ வேண்டும். கிளட்ச் முந்திப் பற்றினால் வண்டி குலுங்கும், பிந்தினால் இன்ஜின் வெறுமனே அலறும். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது நிலை இன்னும் மோசம்: ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது, எண்ணெய் வால்வுகளுக்கோ இன்ஜினை ஊக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே கியர்பாக்ஸ் தயங்கியது. அந்தத் தயக்கம் நியாயமானது. அக்கால மெர்சிடிஸ் நான்கு கியர் பெட்டிகள் மிதமாக மிதித்தால் இரண்டாம் கியரிலேயே புறப்பட்டன. எட்டு சிலிண்டர் 500இ மாடலும் தானியங்கி கியர்பாக்ஸோடு மட்டுமே விற்பனையானது. முழுதாக மிதிக்கும்போது வரும் சிறு யோசனை அந்தத் தலைமுறை முழுவதற்கும் பொதுவானது.

மின்னணுக் கட்டுப்பாடு மேல்மாற்றத்தின் மந்தத்தையும் கீழ்மாற்றத்தின் தயக்கத்தையும் தனித்தனியே தொட்டது. 1980களில் கணினி, மாற்றத்தின்போது தீப்பொறியைக் கணநேரம் பின்தள்ளி இன்ஜின் முறுக்குவிசையைக் குறைத்தது; வேகமும் மென்மையும் சேர்ந்து கிடைக்க வழி பிறந்தது. 1989இல் 911 கரெரா 2 காருக்கு வந்த போர்ஷே டிப்ட்ரானிக், இசட்.எஃப். நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டியை அடிப்படையாகக் கொண்டது. ஓட்டும் பாணியைக் கணித்து ஐந்து திட்டங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தது. வளைவில் திடீரென்று காலை எடுத்தாலும் மேல் கியருக்குத் தாவாமல் காத்தது. அதன் பெருமை முடிவெடுக்கும் அறிவில் இருந்தது. மெர்சிடிஸ் 1996இல் கொண்டுவந்த ஐந்து கியர் பெட்டி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. டாக்சியாக ஓடிய சலூனில் அமைதியாக வேலை செய்த அதே குடும்பப் பெட்டி, 2003இல் எஸ்.எல்.ஆர். மெக்லாரன் காரில் 780 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கியது. கைமுறை நிலையில் மாற்றுவேகத்தையே மூன்று படிகளில் தேர்ந்துகொள்ள அதில் வசதி இருந்தது. இன்ஜின் காற்றுவால்வையும் கணினி கையில் எடுத்த பிறகு, இறங்கும் கியருக்கு ஏற்பச் சுழற்சியை உயர்த்தித் தருவது எளிதானது. கியர்களின் எண்ணிக்கை கூடியதும் துணை செய்தது: எட்டு கியர் இசட்.எஃப். பெட்டியில் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்க 3,000 சுழற்சி 3,900ஐக் கூடத் தொட வேண்டியதில்லை.

ஒற்றைக் கிளட்ச், இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் வந்துதான் வேகம் பிறந்தது என்பது கடைசி ஆட்சேபம். 1997இன் ஃபெராரி எஃப்355 எஃப்1, பி.எம்.டபிள்யூ.வின் எஸ்.எம்.ஜி., 2003இல் கோல்ஃப் ஆர்32 காருக்கு வந்த டி.எஸ்.ஜி. ஆகியவை போட்டியைத் தூண்டின என்பதை மறுப்பதற்கில்லை. மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி. பிரிவே 2008இல் எஸ்.எல். 63 காருக்காகக் கன்வர்ட்டரை நீக்கி ஈரக் கிளட்ச் வைத்தது. புறப்பாட்டில் அதன் நேரடித் தன்மை உண்மையான ஆதாயம். ஆனால் ஏறத்தாழ அதே நேரத்தில் வந்த லெக்சஸ் ஐ.எஸ். எஃப், கன்வர்ட்டரை வைத்துக்கொண்டே கைமுறை நிலையில் இரண்டாம் கியர் முதல் அதைப் பூட்டி, மேல்மாற்றத்தை 0.1 வினாடியில் முடிப்பதாக அறிவித்தது. பூட்டும் கன்வர்ட்டர் புதிதும் அல்ல. பேக்கார்ட் அல்ட்ராமேட்டிக் 1949இலேயே அதைக் கொண்டிருந்தது. எஸ்.எம்.ஜி.யிலும் பிறகு இரட்டைக் கிளட்சிலும் ஓடிய பி.எம்.டபிள்யூ. எம்5, 2017இல் எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர் பெட்டிக்குத் திரும்பியது. 2020இன் எம்3 அதைப் பின்தொடர்ந்தது.

பழைய காரை இன்று மதிப்பிடுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் உணரும் மந்தம் முழுவதும் பிறந்த நாளில் இருந்ததல்ல. கெட்டுப்போன எண்ணெய், தேய்ந்த வால்வு பாடி, தளர்ந்த ஆக்சிலரேட்டர் கேபிள், கசியும் வெற்றிடக் குழாய் ஆகியவை மாற்றத்தைத் தள்ளிப்போடுகின்றன. கியர்பாக்ஸ் வகையைக் குறை சொல்வதற்கு முன் எண்ணெயையும் கேபிளின் அளவையும் சரிபார்த்துவிடுங்கள்.