முதல் சுப்பர்மேன் யாரை அடித்தான்?

சுப்பர்மேன் என்றதும் பிள்ளைகளுக்கு வானத்தில் பறப்பவன், விழுகிற விமானத்தைத் தாங்கிப் பிடிப்பவன், வேற்றுக் கிரகத்து அரக்கனோடு மோதுபவன் ஞாபகத்துக்கு வருவான். ஆனால் 1938இல் முதன்முதலாக அச்சில் வந்தபோது அவனுக்குப் பறக்கவே தெரியாது. அரக்கர்களும் இல்லை. அவன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஓர் ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்தது.

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அமெரிக்காவில் வெளிவந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழின் அட்டையில் ஜூன் 1938 என்று இருக்கும். கடைக்கு வந்தது ஏப்ரலில். விலை 10 சதம். உள்ளே 13 பக்கங்களில் சுப்பர்மேன் கதை. செய்யாத கொலைக்காக ஒரு பெண்ணை மின்சார நாற்காலியில் இருத்தப் போகிறார்கள். சுப்பர்மேன் உண்மையான கொலைகாரியைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் ஆளுநர் வீட்டுக்குப் போகிறான். வாசலில் நிற்கும் பணியாள், காலையில் வந்து பார்க்கச் சொல்கிறார். நம்ம ஊர்க் கந்தோர்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில்தான். நாமென்றால் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நாளும் போவோம். சுப்பர்மேன் ஆளுநரின் படுக்கையறை இரும்புக் கதவைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போகிறான்.

அதே இதழில் மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடிக்கிறான். குத்த வந்தவனின் கத்தி இவன் தோலில் பட்டு உடைய, வீரர் மயங்கி விழுகிறார். பிறகு வொஷிங்டனுக்குப் போய், ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டு வைத்திருக்கும் தரகனைத் தூக்கிக்கொண்டு கம்பிகளின் மேல் ஓடுகிறான். "மின்சாரம் அடிக்கப் போகுது" என்று தரகன் அலறுகிறான்.

இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 'விஞ்ஞான' விளக்கமும் கொடுத்திருந்தார்கள். எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கு தூக்குகிறது, வெட்டுக்கிளி தன் உடம்பைவிடப் பல மடங்கு தூரம் பாய்கிறது, எனவே சுப்பர்மேனாலும் முடியும்! இப்படி ஓர் 'எனவே'யை ஓ.எல். விடைத்தாளில் எழுதினால் விஞ்ஞான சேர் சிவப்புப் பேனாவைத் திறப்பார்.

இரண்டாவது இதழில் ஓர் ஆயுத உற்பத்தியாளரைப் பிடித்து, அவருடைய ஆயுதங்கள் வெடிக்கும் யுத்தகளத்துக்கே சாதாரணச் சிப்பாயாக அனுப்புகிறான். ஷெல் விழ விழ, மனிதருக்கு ஞானம் பிறக்கிறது. பிறகு யுத்தம் செய்யும் இரண்டு படைத் தளபதிகளையும் பிடித்து வந்து, நீங்கள் இருவருமே அடித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். எதற்காக அடிபட வேண்டும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

மூன்றாவது இதழில் ஒரு சுரங்க முதலாளி. பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளர்கள் விபத்துக்குள்ளாகிறார்கள், மேலே மாளிகையில் விருந்து நடக்கிறது. விருந்தினர்கள் ஒரு வேடிக்கைக்காகச் சுரங்கத்தைப் பார்க்க இறங்குகிறார்கள். தொழிலாளி வேடத்தில் இருக்கும் சுப்பர்மேன் வழியை மூடிவிடுகிறான். பட்டுடுப்புப் போட்டவர்கள் மண்வெட்டி பிடிக்க வேண்டிய நிலை. வெளியே வரும்போது, இனி இதைவிடப் பாதுகாப்பான சுரங்கம் நாட்டிலேயே இருக்காது என்று முதலாளி சத்தியம் செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 12ஆவது இதழ், 1939. வீதி விபத்துகளுக்கு எதிராக யுத்தப் பிரகடனம்! வானொலி நிலையத்துக்குள் புகுந்து எச்சரிக்கை விடுக்கிறான். சட்டத்தை மீறியவர்களின் கார்களை நொறுக்குகிறான். இலாபத்துக்காகத் தரம் குறைந்த உலோகத்தில் கார் செய்யும் தொழிற்சாலையையே உடைக்கிறான். கடைசியில் வேகமாகக் கார் ஓட்டும் நகர மேயரைப் பிடித்து, விபத்தில் இறந்தவர்கள் கிடத்தப்பட்டிருக்கும் பிரேத அறைக்கு இழுத்துப் போய்க் காட்டுகிறான். நம்ம வீதிப் பாதுகாப்பு வாரத்துக்கு இந்தக் கதையைச் சிபாரிசு செய்யலாம்தான். ஆனால் நான் அரச ஊழியர். இடமாற்றம் நினைவுக்கு வருவதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

சிரிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவன் கைவைத்த ஆட்களின் பட்டியலைப் பாருங்கள். ஆளுநர் வீடு, செனட்டரின் தரகன், ஆயுத வியாபாரி, சுரங்க முதலாளி, கார் கம்பனி, மேயர். சாதாரணத் திருடர்களும் வருகிறார்கள். ஆனால் முதல் வருடத்துச் சுப்பர்மேனின் கண், சட்டத்தின் கை எட்டாத ஆட்கள் மேல்தான் அதிகம் இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அவனை உருவாக்கிய ஜெரி சீகல், ஜோ சஸ்டர் இருவரும் 1914இல் பிறந்தவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். கிளீவ்லாந்து நகரில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்தவர்கள். வங்கிகள் மூடப்பட்டதையும், வேலையில்லாதவர்களின் வரிசைகளையும் கண்ணால் கண்டவர்கள். 1932இல் சீகலின் தகப்பனார் தன் உடுப்புக் கடையில் நடந்த கொள்ளையின்போது இறந்துபோனார். இப்படிப்பட்ட இரண்டு இளைஞர்கள் கற்பனை செய்த பலசாலி, வேற்றுக் கிரக அரக்கனைத் தேடிப் போகாததில் ஆச்சரியம் இல்லை.

அதற்காக அந்தக் கதைகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். எட்டாவது இதழில் ஒரு கதை. சேரியில் வளரும் பையன்கள் திருடர்களாகிறார்கள், குற்றம் அவர்களுடையதல்ல, அந்தச் சூழலுடையது என்று சுப்பர்மேன் கண்டுபிடிக்கிறான். 1939இல் ஒரு 10 சதப் புத்தகம் இதைச் சொன்னது பெரிய விசயம். அதற்கு அவன் கண்ட தீர்வு என்ன? சேரியை முழுசாக இடித்துவிடுவது. அப்போது அரசாங்கத்துக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியிருக்காதாம். கதையில் உடனே மாடி வீடுகள் எழும்புகின்றன. இடையில் அந்தச் சனம் எங்கே படுத்தது, எத்தனை மாதம் காத்திருந்தது, அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எல்லாம் ஒருவனின் முடிவு. இன்றைக்குச் சரியானவனை அடிக்கிறான் என்று கைதட்டுகிறோம். நாளைக்குப் பிழையான ஆளை அடித்தால் யாரிடம் முறையிடுவது? பலசாலி வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்வான் என்ற ஆசையை உலகம் அந்தப் பத்தாண்டில் கொமிக்ஸில் மட்டும் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் அந்த ஆசை எங்கே போய் முடிந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம்.

சரி, இந்தக் கோபக்கார சுப்பர்மேன் எங்கே போனான்?

முதலில், காசு வந்தது. 1939இல் பத்திரிகைத் தொடர், தனிப் புத்தகம். 1940இல் வானொலி. 1941இல் கார்ட்டூன் படம். பொம்மை, உடுப்பு என்று வியாபாரம் பரவ, பதிப்பாளர்கள் கவனமானார்கள். விளம்பரம் தரும் கம்பனிகளும் பிள்ளைக்குக் காசு கொடுக்கும் பெற்றோரும் முகம் சுளிக்கக் கூடாது. கார்த் தொழிற்சாலையை உடைப்பவன் மெல்ல மெல்லக் குறைந்து, வங்கிக் கொள்ளையரையும் பைத்தியக்கார விஞ்ஞானிகளையும் பிடிப்பவன் வந்தான்.

இரண்டாவதாக, யுத்தம் வந்தது. 1943 மார்ச் மாத அக்ஷன் கொமிக்ஸ் அட்டையில் சுப்பர்மேன் அச்சு இயந்திரத்தை இயக்கிக்கொண்டு நிற்கிறான். அதில் அச்சாகும் சுவரொட்டி யுத்தக் கடன் பத்திரம் வாங்கச் சொல்கிறது, ஜப்பானியரைக் கேவலமான இனப்பெயரால் அழைத்து. அதே காலத்தில் சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்காவுக்குள்ளேயே முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். நிரபராதிப் பெண்ணுக்காகக் கதவுடைத்தவன் இந்தச் சுவரொட்டியை அச்சடித்துக்கொண்டிருந்தான். நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: 1946இல் வானொலிச் சுப்பர்மேன், கூ க்ளக்ஸ் கிளான் போன்ற ஓர் இனவெறிக் கூட்டத்துக்கு எதிராக 16 பகுதிகள் போராடினான். அந்தக் கோபம் முழுசாகச் சாகவில்லை.

மூன்றாவதாக, நல்லவர்கள் வந்தார்கள். 1954இல் உளவியல் மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம், கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக மருத்துவ நிலையம் நடத்தியவர். ஆனால் பல தசாப்தங்களுக்குப் பிறகு அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கரோல் டில்லி என்ற ஆய்வாளர், பிள்ளைகளின் வயதும் வாக்குமூலங்களும் மாற்றப்பட்டிருப்பதை 2012இல் எடுத்துக்காட்டினார். அந்த 1954இலேயே செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் எழுதிக்கொண்டார்கள். இரத்தம் வேண்டாம், ஆபாசம் வேண்டாம் என்பவை எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ளக் கூடியவை. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பொலிஸார், நீதிபதிகள், அரச அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர் மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக் கூடாது.

இந்த விதியை வைத்துக்கொண்டு அந்த முதல் வருடத்து இதழ்களைத் திறந்து பாருங்கள். ஆளுநர் வீட்டுக் காட்சி போகும். செனட்டர் போவார். மேயரும் போவார். பிள்ளைகளைப் பாதுகாக்கப் போட்ட வடிகட்டியில் இரத்தத்தோடு சேர்ந்து கேள்வியும் வடிந்துபோனது. இன்று பிள்ளைகள் பார்ப்பதற்குத் தடைபோட யோசிக்கும் நாமும் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் நைசாக வேறு யார் தன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார் என்று பாருங்கள் என்கிறேன்.

இனி, அந்த இரண்டு இளைஞர்களின் கதை.

1938 மார்ச்சில் சீகலும் சஸ்டரும் சுப்பர்மேனின் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கிடைத்தது 130 டொலர். பக்கத்துக்கு 10 டொலர், 13 பக்கம். காசோலையில் பெயரைக்கூடப் பிழையாக எழுதியிருந்தார்கள். சில வருடங்கள் எழுதியும் வரைந்தும் நன்றாகவே உழைத்தார்கள், அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் மில்லியன் கணக்கில் காசு கொட்டிய பாத்திரம் அவர்களுடையதாக இருக்கவில்லை. 1947இல் வழக்குப் போட்டார்கள். 1948இல் சுமார் 94,000 டொலரோடு சமரசம் முடிந்தது. வேலை போனது. சுப்பர்மேன் கதைகளிலிருந்து அவர்களுடைய பெயரும் நீக்கப்பட்டது.

1959இல் சீகல் அதே கம்பனிக்குத் திரும்பி, தான் பெற்ற பிள்ளைக்கே பெயரில்லாத கூலி எழுத்தாளராகக் கதை எழுதினார். 60களின் நடுப்பகுதியில் அதுவும் போனது. பிறகு இங்கிலாந்தின் 'லயன்' வார இதழுக்கு எழுதினார். எங்கள் வயதுக்காரர்களே, இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கே அவர் எழுதியது, கூர்மண்டையோடும் வலைத் துப்பாக்கியோடும் ஹெலிகாரில் வருவானே, அந்த ஸ்பைடரை! சிலந்தி மனிதன் அல்ல, குற்றவாளியாகத் தொடங்கி நல்லவனாக மாறிய ஸ்பைடர். முதல் சில கதைகளை வேறொருவர் எழுத, தொடர்ந்து எழுதியவர் சீகல். 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் கொமிக்ஸ் அவற்றைத் தமிழில் தந்தது. புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்து வாசித்தவர்கள் இந்தப் பதிவின் கீழே கட்டாயம் வருவீர்கள். சுப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைத்தான் வாசித்திருக்கிறீர்கள். மூல ஆங்கில இதழிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை.

1975இல் சுப்பர்மேன் பெரிய படமாக வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் எழுதுவினைஞராகச் சிறு சம்பளத்தில் இருந்தார். சஸ்டருக்குப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. சீகல் கோபம் கொப்பளிக்கும் அறிக்கையொன்றைத் தட்டச்சுச் செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் அடம்ஸ், ஜெரி ரொபின்சன் முதலிய ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். படம் வரும் நேரத்தில் அவமானமாகிவிடும் என்று கம்பனி இறங்கி வந்தது. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 20,000 டொலர். பெயரும் திரும்பி வந்தது.

உலகத்தின் பெரிய பலசாலியைப் படைத்தவர்களுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது எந்தப் பலசாலியும் அல்ல. ஒரு தட்டச்சு இயந்திரம், பத்திரிகைகள், விட்டுக்கொடுக்காத சக தொழிலாளர்கள். 37 வருடம் எடுத்தது. அந்த 130 டொலர் எழுதப்பட்ட காசோலை 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்குப் போனது. அந்தக் காசும் அவர்கள் குடும்பத்துக்கு அல்ல.

பிள்ளைகள் கொமிக்ஸ் வாசிக்கட்டும், படம் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "மகன், இந்த ஹீரோ யாரையெல்லாம் அடித்தான்? யாருக்குக் கிட்டவே போகவில்லை?" எட்டு வயதுப் பிள்ளைகூட நல்ல பதில் சொல்லும். சுப்பர்மேன் படமென்றால் பெயர்ப் பட்டியல் ஓடும்போது ரிமோட்டை எடுக்காதீர்கள். சீகல், சஸ்டர் என்ற இரண்டு பெயர்கள் வரும். பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.