செங்கல் கணக்கும் செயற்கை நுண்ணறிவும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இரண்டிலும் போட்ட கணக்கு ஒன்று, முடிந்த கணக்கு வேறொன்று என்பதே அதன் உட்கிடை. இன்னும் எழும்பாத கட்டடத்தின் செலவை முன்னரே சொல்வது எளிய செயலன்று. அதனையே தொழிலாகக் கொண்டு, சட்டத்தின் காப்போடு நடத்துவோர் மலேசியாவில் உளர். குவாண்டிட்டி சர்வேயர் என்று கட்டுமானத் துறையினர் அவர்களை அழைப்பர். மலாய்மொழியில் ஜூரு உக்கூர் பஹான் என்பர். அவர்கள் செய்துவரும் பணியிற் பெரும்பகுதியை இனிச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்ற பேச்சு இன்று எழுந்துள்ளது. மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு, தரவு மையம் போன்ற சிறப்புவகை வணிகக் கட்டடங்களுக்கும் அது நொடிப்பொழுதில் விலை சொல்லும் என்கின்றனர். அப்பேச்சு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கோலாலம்பூரின் கட்டட வரலாற்றை வைத்தே ஆராயலாம். இந்நகரின் ஒரு பகுதி செங்கல்லின் பெயரையே தாங்கி நிற்கிறது அன்றோ?

சூளை எழுந்த காலம்

1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குக் கொடிய ஆண்டு. ஜனவரியில் தீ ஊரை எரித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் எஞ்சியதைக் கொண்டுபோயிற்று. மரச் சட்டமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் நிலைக்க வேறு வழி வேண்டியிருந்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்று 1884இல் ஆணையிட்டார். ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்திற் செங்கற்சூளைகள் பெருகின. பின்னாளிற் கப்பித்தான் சீனாவாக விளங்கிய யாப் குவான் செங் அங்கே சூளை நடத்தியவர்களுள் ஒருவர். அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. நாளடைவிற் சூளை இருந்த வட்டாரத்தில் இரயில்வேப் பணிமனையும் குடியிருப்புகளும் வந்தன. தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே வேரூன்றினர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அத்தாப்புக் குடிசை போட மதிப்பீடு தேவையில்லை. காடு அருகில், கை உதவிக்கு அண்டை வீட்டார், எத்தனை கழி, எத்தனை ஓலை என்பது ஊரறிந்த செய்தி. செங்கல் வந்ததும் நிலைமை மாறியது. சூளைக்கு விறகு, மண் குழைக்கக் கூலி, வண்டிக்குக் கூலி, கொத்தனாருக்குக் கூலி, உடைந்துபோகும் கல்லுக்கு ஒரு பங்கு என்று செலவு பல கைகளிற் பிரிந்தது. பிரிந்ததைக் கூட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும். மதிப்பீட்டுத் தொழிலின் தோற்றுவாய் அதுவே.

நாற்பது இலட்சம் செங்கல்

மதிப்பீட்டாளரின் திறத்தை முதன்முதலிற் பெரிய அளவிற் சோதித்த கட்டடம், இன்று சுல்தான் அப்துல் சமாட் மாளிகை எனப்படும் அரசாங்கச் செயலகம். 1894 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1897 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சிலாங்கூர் அரசின் பொறியாளராயிருந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்துவிட்டு வந்தவர். நார்மன் முதலில் வரைந்த ஐரோப்பியப் பாணி வரைபடத்தை அவர் ஏற்கவில்லை. இசுலாமியக் கட்டடக் கலையின் சாயல் வேண்டும் என்றார். பிட்வெல்லின் கை சேர்ந்து, குவிமாடமும் வளைவுகளும் கொண்ட வடிவம் பிறந்தது. அத்தகைய கட்டடம் இந்நாட்டில் அதற்கு முன் எழுந்ததில்லை. ஆகவே பார்த்து ஒப்பிடப் பழைய கணக்கு ஏதும் இல்லை.

அதற்குச் சென்ற செங்கல் ஏறத்தாழ 40 இலட்சம் என்றும், செலவு ஏறத்தாழ 152,000 வெள்ளி என்றும் சொல்வர். மாணவருக்குக் கணக்காகக் கொடுக்கத்தக்க எண்கள் இவை. ஒரு கன மீட்டர் சுவருக்குச் சுமார் 500 கல் என்ற இன்றைய வாய்ப்பாட்டை வைத்தால், 40 இலட்சம் கல் 8,000 கன மீட்டர் சுவராகும். அளந்தவர் நூற்றுக்கு ஐந்து பிசகினால், 2 இலட்சம் கல் மிஞ்சும், அல்லது குறையும். குறைந்தால் வேலை நிற்கும். கொத்தனாரும் சிற்றாளும் கூலியின்றி இருப்பர். வரைபடத்தின் ஒவ்வொரு வளைவையும் நேர்க்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து அளக்கும் பொறுமையே அன்றைய கருவி. தச்சு முழக்கோலை இரண்டே முக்கால் அடிக்கு வகுத்துக்கொண்டு கோயில் எடுத்த தமிழ்க் கம்மியரிடமும் இப்பொறுமை இருந்தது. அளவு முதலில், விலை பிறகு என்பது அவர்கள் அறியாததன்று.

1910இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் இரயில் நிலையத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஹப்பாக் வரைந்த அந்தக் கட்டடத்தின் கூரை, ஒரு மீட்டர் உயரப் பனியைத் தாங்குமா என்று சீமை விதிமுறை கேட்டதாம். அதனால் வேலை தாமதப்பட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, கருத்து மெய்யே. குளிர்நாட்டில் வகுத்த விதி வெப்பநாட்டுக்கு வந்தால், பெய்யாத பனிக்கும் நாம் இரும்பு வாங்க வேண்டியிருக்கும். இக்கதையைப் பிறகு ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அளவுப் பட்டியலும் சதுர அடியும்

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் ஒழுங்குபெற்றது. கட்டட வேலைகளை எவ்வாறு அளப்பது என்ற பொது விதிநூல் இங்கிலாந்தில் 1922இல் முதன்முதலாக வெளிவந்தது. சன்னலுக்குரிய இடத்தைச் சுவரிற் கழிப்பதா, பூச்சை எந்த அலகிற் சொல்வது என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரே விடை கிடைத்தது. குத்தகைக்குப் போட்டியிடும் பத்துப் பேரும் ஒரே அளவுப் பட்டியலுக்கு விலை எழுதினர். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் சட்டம், பதிவு பெற்றவரே இத்தொழிலை நடத்தலாம் என்று வரையறுத்தது.

ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்தி: வரைபடம் முடியுமுன்னரே செலவைப் பகுதி பகுதியாகத் திட்டமிடும் முறை பள்ளிக்கூடங்களால் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் தேவைப்பட்டன. ஒரு மாணவன் இடத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. 1951இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சு வெளியிட்ட செலவு ஆய்வு ஏடு, அடித்தளம், சட்டகம், கூரை, சன்னல் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒரு பள்ளியின் கூரைக்கு ஆன செலவை இன்னொரு பள்ளியின் கூரையோடு ஒப்பிடக் கற்பித்தது. முடிந்த கட்டடத்தின் கணக்கைப் பிரித்து வைத்தால் அது வருங்காலக் கட்டடத்துக்கு வழிகாட்டும் என்பதே அதன் சாரம். செயற்கை நுண்ணறிவு இன்று செய்வதும் அடிப்படையில் இதுவே.

இயந்திரம் கற்கும் வகை

நரம்பணுக்களைப் போன்ற கணித வலைப்பின்னலுக்குத் தன் பிழையைத் தானே திருத்தக் கற்பிக்கும் முறை 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் என்பாரின் கட்டுரையாற் பரவியது. அடுத்த பத்தாண்டிலேயே கட்டுமான ஆய்வாளர் அதனை விலைக் கணிப்புக்குக் கொண்டுவந்தனர். பழைய கட்டடங்களின் பரப்பு, மாடி எண்ணிக்கை, அடித்தள வகை, ஆண்டு, முடிந்த விலை ஆகியவற்றை இயந்திரத்துக்குக் கொடுத்தால், அவற்றிடையே உள்ள தொடர்பை அது தானே கண்டுகொண்டு, புதிய கட்டடத்துக்கு விலை சொல்கிறது. வரைபடத்தைப் பார்த்துச் சுவரையும் கதவையும் எண்ணும் மென்பொருள்களும் இப்போது வந்துவிட்டன. பல நாள் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. இதனைப் பழிப்பதற்கில்லை, எண்ணிச் சலிப்பதில் மனிதனுக்குப் பெருமை ஒன்றுமில்லை.

ஆனால் 2004இல் தென்கொரியாவின் கிம், ஆன், காங் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு நுணுகிப் பார்க்கத்தக்கது. 530 குடியிருப்புக் கட்டடங்களின் பழைய செலவுக் கணக்கை வைத்து அவர்கள் மூன்று முறைகளை ஒப்பிட்டனர்: பழைய புள்ளியியல் முறை, நரம்பு வலைப்பின்னல், ஒத்த பழைய கட்டடத்தைத் தேடியெடுத்து அதனின்று விலை காணும் முறை. துல்லியத்தில் வலைப்பின்னலே வென்றது. ஆயினும் நெடுங்காலப் பயன்பாட்டுக்கு மூன்றாம் முறையே ஏற்றது என்று அவர்கள் கண்டனர். விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். ஒத்த கட்டடத்தைக் காட்டும் முறையோ, இந்தக் கட்டடத்திலிருந்து இந்த விலை வந்தது என்று வழியையும் காட்டுகிறது.

அதைவிட முக்கியமானது 530 என்ற எண். அவை யாவும் ஒரே இனக் குடியிருப்புகள்.

சிறப்புவகைக் கட்டடம் அத்தகையதன்று. அது புதிய செய்தியுமன்று. கிள்ளானில் ராஜா அப்துல்லா 1857இற் கட்டிய கிடங்கு, ஈயத்தைப் பாதுகாக்கவே எழுந்த கட்டடம்; குடியிருப்பு வீட்டின் கணக்கு அதற்குப் பொருந்தியிராது. இன்று சைபர்ஜெயாவில் எழும் தரவு மையங்களிற் சுவரும் தளமும் செலவிற் சிறுபங்கே. இருவழி மின்சாரம், மின்னாக்கி, குளிரூட்டும் பொறி, தீயணைப்பு அமைப்பு ஆகியவையே பெரும்பங்கை விழுங்குகின்றன. அங்கே சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவோர் இலர். ஒரு மெகாவாட்டுக்கு இவ்வளவு என்றே பேசுகின்றனர். அளக்கும் அலகே மாறிவிட்டது. மருத்துவமனைக்குப் படுக்கை, விடுதிக்கு அறை என ஒவ்வொன்றுக்கும் வேறு அலகு. இவற்றுள் ஒரு வகைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் முடிந்த கணக்குகள் சிலவே இருக்க முடியும். அவையும் நிறுவனங்களின் பூட்டிய பெட்டகங்களில் உறங்குகின்றன. உள்நாட்டுக் கணக்கு கிடைக்காத இயந்திரம் அயல்நாட்டுக் கணக்கைக் கற்கும். அந்நாட்டின் கூலி, அந்நாட்டின் இறக்குமதி வரி, அந்நாட்டின் தட்பவெப்பம் எல்லாம் அதனுள் ஒளிந்து வரும். இரயில் நிலையக் கூரையின் பனிக் கதையை இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மண்ணுக்கு அடியில்

வரைபடத்திற் காணாத செலவும் உண்டு. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்துள்ளது. நீர் அரித்த குகைகளும் பள்ளங்களும் அதனுள் மறைந்து கிடக்கின்றன. பத்துமலையில் மண்ணுக்கு மேலே கண்டு வணங்குவதன் உறவினரே மண்ணுக்குக் கீழே இருக்கின்றன எனலாம். 1998இல் முடிவுற்ற பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலிற் குறித்த இடத்தில் ஒரு பாதிக்கடியில் பாறையும் மறு பாதிக்கடியில் மென்மண்ணும் இருக்கக் கண்டு, கோபுரங்களை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். அடித்தளத் தூண்கள் 100 மீட்டருக்கும் கீழே இறங்கின. ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளப் பலகைக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாது ஊற்றினர். துளையிட்டு மண்ணைச் சோதித்தவர் சொன்ன செய்தியே இத்தனையையும் மாற்றியது. துளையிடாத நிலத்தைப் பற்றி எந்த இயந்திரமும் ஊகிக்கலாமே அன்றி அறிய இயலாது.

பொய்க் கணக்கும் பொறுப்பும்

இன்னொரு இடர்ப்பாடு மனிதனிடமிருந்தே வருவது. சிட்னி இசைநாடக மாளிகைக்கு 1957இல் இட்ட மதிப்பீடு 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973இல் திறந்தபோது ஆன செலவு 10 கோடியே 20 இலட்சம். டென்மார்க் அறிஞர் பெந்த் ஃப்ளூபியர்க் குழுவினர் 2002இல் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து, பத்தில் ஒன்பதிற் செலவு மதிப்பீட்டை மிஞ்சியதைக் கண்டனர். தொழில்நுட்பப் பிழை மட்டும் காரணமாயின், சிலவற்றிற் குறையவும் வேண்டும். பெரும்பாலும் ஏறியே போவதால், ஒப்புதல் பெறுவதற்காக வேண்டுமென்றே குறைத்துச் சொல்லியிருக்கின்றனர் என்பது அவர்கள் முடிவு. இத்தகைய தொடக்க மதிப்பீடுகளை இயந்திரத்துக்குப் பாடமாக வைத்தால், அது பொய்யைத் திறம்படக் கற்றுக்கொள்ளும். கட்டி முடித்துக் கொடுத்த பணத்தின் கணக்கே பாடமாகத் தகும்.

குறைத்துப் போட்ட மதிப்பீட்டின் சுமை மேலிருந்து கீழே இறங்கும். ஒட்டுமொத்த விலைக்கு ஒப்பந்தம் செய்த குத்தகையாளர் தம் இழப்பைச் சிறு குத்தகையாளரின் மேல் ஏற்றுவார். அவர் கூலியை நிறுத்துவார். மின்கம்பி இழுப்பவரும், குழாய் பொருத்துபவரும், சாயம் பூசுபவரும் கடைசியில் நிற்கின்றனர். இந்நோய் பரவியிருந்ததனாலேயே கட்டுமானத் தொழிற் கொடுப்பனவு மற்றும் தீர்ப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வழக்குமன்ற நெடுவழி போகாமல் நிலுவையைக் கேட்க அது வழி செய்தது. ஆயினும் சட்டம் நிலுவையை வாங்கித் தரலாம். தவறான மதிப்பீட்டைத் திருத்தாது.

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கட்டடப் பொருள் விலையையும் தொழிலாளர் கூலியையும் அது திரட்டி வெளியிடுகிறது. புள்ளியியல் துறையும் கட்டடப் பொருள் விலைக் குறியீட்டை வெளியிட்டு வருகிறது. சிமெந்தும் இரும்பும் மணலும் இன்று என்ன விலை என்பதை இவை சொல்லும். ஒரு குளிர்பதனக் கிடங்கு முடிந்த பின் உறுப்பு உறுப்பாக என்ன ஆயிற்று என்பது வேறு வகைச் செய்தி. 1951இல் பள்ளிகளுக்குச் செய்ததைப் போல, அரசுப் பணத்தில் எழும் மருத்துவமனைகளின் இறுதிக் கணக்கையாவது பெயர் நீக்கிப் பிரித்து வெளியிட்டால், மதிப்பீட்டாளரும் இயந்திரமும் ஒருங்கே பயன்பெறுவர்.

அதுவரை, கிள்ளான் துறைமுகத்தருகே கிடங்கு கட்ட விரும்பும் ஒருவருக்கு இயந்திரம் எடுத்த மதிப்பீடு வந்தால், அதனைக் கொண்டுவந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை கிடங்குகளின் கணக்கிலிருந்து இது வந்தது? அவை எந்த ஊரில், எந்த ஆண்டில் எழுந்தவை? அந்தக் கணக்கு தொடக்கத்திற் போட்டதா, முடிவிற் கொடுத்ததா? விடைகளை எழுத்தில் வாங்கி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் கையொப்பத்தோடு அளவுப் பட்டியலில் இணைத்து வைத்துக்கொள்ளலாம்.