கேமரன் மலைக்காடும் களம் கண்ட ஆய்வாளரும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைப் பசுமையைக் கண்டு களிப்போர் பலர். அப்பசுமை முடியும் எல்லையில் தொடங்கும் காட்டினுள் புகுந்து, அங்குள்ள செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் இனம் பிரித்தறிந்து உலகுக்குச் சொன்னோர் மிகச் சிலரே. அச்சிலருடைய வரலாற்றில் ஈரமும் காய்ச்சலும் மிகுதி; இன்பமும் குறைவன்று.

இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885-ஆம் ஆண்டில் அவர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். அக்காலத்தில் மேற்கே பேரா மாநிலத்தில் உயிரியல் தேடல் தொடங்கிவிட்டது. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவர் சார்ச்சு கிங் என்பாருக்காக, குன்ஸ்ட்லர் என்பவர் 1880 முதல் 1886 வரை பேராக் காடுகளில் அலைந்து செடிகளைத் திரட்டினார். அவர் அனுப்பிய மாதிரிகளின் சீட்டுகளில் 'கிங்கின் சேகரிப்பாளர்' என்றே அச்சிடப்பட்டது. காட்டில் நடந்தவர் ஒருவர். சீட்டில் நின்ற பெயர் மற்றொருவருடையது! அதே காடுகளில் உழைத்த இத்தாலியப் பாதிரியார் ஸ்கோர்டெக்கினி, தம் செடிகளை ஆராயக் கல்கத்தா சென்றவர், 1886-இல் அங்கேயே மறைந்தார். அவர்கள் திரட்டியவற்றைக் கொண்டு மலாயாத் தாவரங்களைப் பற்றி எழுதியோருள் கிங்குடன் கேம்பிள் என்பாரும் ஒருவர். சென்னை மாநிலத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1915 முதல் வெளியிட்டவரும் இவரே. எனவே, தமிழகத்துத் தாவரவியல் மாணவர் அறிந்த அந்தப் பெயருக்கும் இம்மலைத் தொடருக்கும் பழைய உறவுண்டு.

தைப்பிங் அருங்காட்சியகத்தின் காப்பாளர் லியோனார்டு ரே, பத்தாங் பாடாங் மலைக்குச் சென்று திரட்டிய பயணத்தின் நாட்குறிப்பு 1890-இல் வெளிவந்தது. பத்தாங் பாடாங் என்பது தாப்பாவைச் சூழ்ந்த மாவட்டம். கேமரன் மலைக்கு மேற்குவாயில். இம்மலைகளில் பூக்கும் ரோடோடென்ட்ரன் வகையொன்று ரேயின் பெயரையே தாங்கி நிற்கிறது.

செடியைப் பறிப்பது எளிது, உலர்த்துவதே அரிது. உயர்ந்த முகடுகளில் மரங்கள் குள்ளமாகி, கிளைதோறும் பாசி தொங்கும். நண்பகலிலும் மூடுபனி இறங்கும். தாள்களுக்கிடையே அழுத்தி வைத்த இலை காய்வதற்குள் தாளே நனைந்துவிடும். ஆகவே, கரிநெருப்பின் மேல் தாளடுக்கை வைத்து, நெருப்பு தாழாமலும் தாள் கருகாமலும் காக்க வேண்டும். பூவின் நிறம் உலர்ந்தபின் நில்லாது. பகலெல்லாம் நடந்த களைப்போடு விளக்கொளியில் அன்றே எழுதிவிட வேண்டும். ஒருநாள் சோம்பல் ஒருவார உழைப்பைப் பூசணத்திற்கு இரையாக்கிவிடும்.

1929-இல் ரசல் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த மில்ன் என்பாருடன் இணைந்து 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் சரிவுகள் தேயிலை நிரைகளாயின. காட்டின் ஒரு பகுதி அழிந்தது உண்மையே. ஆயினும், காட்டை அழித்த அதே வேலைதான் எஞ்சிய காட்டிற்கு வழியும் திறந்தது. முன்பு தாப்பாவிலிருந்து நாட்கணக்கில் நடந்து சேர வேண்டிய முகட்டுக்காட்டை, இன்று சுங்கை பாலாஸ் தோட்டத்தைக் கடந்து பிரிஞ்சாங் மலைச் சாலையில் ஏறும் மாணவன் ஒரு காலைப்பொழுதில் எட்டுகிறான். தேயிலைச் செடியும் ஓர் ஆய்வுக்களமே. தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி, பெயரளவில் மட்டுமே கொசு. அது சாறுறிஞ்சிய இளந்தளிரில் படியும் கரும்புள்ளியை, கொழுந்து பறிக்கும் கை நூலறிவின்றியே அறியும்.

களப்பணியின் இன்பம் எதிர்பாராமல் வருவது. பாசிக்கிடையில் தொங்கும் குடுவைச் செடி, உள்ளே விழும் எறும்பைக் கரைத்து உண்ணும். மலாய்க்காரர் இதனைக் 'குரங்கின் பானை' என்பர். தாப்பாப் பக்கத்து வெந்நீர் ஊற்றங்கரையில், கரும்பட்டில் பச்சை வரைந்தாற்போன்ற 'ராஜா புரூக்' வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாய் அமர்ந்து ஈரமண்ணை உறிஞ்சும். அவை அனைத்தும் ஆண்களே. பெண்ணைக் காண்பது அரிது. 1855-இல் வாலசு பெயரிட்ட இனம் இது. மலாயா வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1934-இல் நூல் வெளியிட்ட இருவருள் பெண்டில்பரி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். கார்பெட்டோ இரப்பர் ஆய்வுக்கழக வேதியியலார். ராப்லேசியாவோ பொறுமையைச் சோதிக்கும். மொட்டு முதிரப் பல திங்கள் ஆகும். மலர்ந்தால் ஒருவாரங்கூட நில்லாது. செமாய் மக்கள் சொன்ன செய்தி கேட்டு விரைந்தவர், அழுகிய கருங்குவியலைக் கண்டு திரும்புவதும் உண்டு.

அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் போதும். அறியாமலே ஒட்டும் சிற்றுண்ணியின் இளவுயிரே கொடியது. அது கொணரும் புதர் டைபஸ் காய்ச்சல் தோட்டத் தொழிலாளரையும் ஆய்வாளரையும் ஒன்றாகவே வீழ்த்தியது. 1948-இல் கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் மருந்து நோயாளிகளைப் பிழைக்கவைத்தது. அம்மருந்து வருமுன் காட்டுக்குள் சென்றோர் உயிரைப் பணயம் வைத்தே சென்றனர். அதே ஆண்டு தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்திலோ, காட்டில் நடமாடுவதே ஆபத்தாயிற்று. வழி தவறுதல் என்றும் உள்ள இடர். 1967 மார்ச்சு 26 அன்று நடக்கப் புறப்பட்ட பட்டு வணிகர் சிம் தாம்சனைப் பெரும்படை தேடியும் காணவில்லை. அவர் ஆய்வாளர் அல்லர். எனினும் இக்காட்டின் அடர்த்திக்கு அவரே சான்று.

திரட்டியவை எல்லாம் நிலைத்தனவும் அல்ல. 1945 மார்ச்சு 10 அன்று நேச நாட்டு வானூர்திகள் தவறுதலாகக் குண்டு வீசியதில், கோலாலம்பூரின் சிலாங்கூர் அருங்காட்சியகம் சிதைந்தது. பல்லாண்டு மலையேறிச் சேர்த்த மாதிரிகள் சில நொடிகளில் மண்ணாயின. தப்பியவை பெட்டிகளில் உறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: இடம், நாள், உயரம், சேகரித்தவர் பெயர். வழிகாட்டிய செமாய்க்காரருக்கோ, சுமை தூக்கியவருக்கோ, இரவெல்லாம் கரிநெருப்பைக் காத்தவருக்கோ அச்சீட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.