மஞ்சள் பைக்குள் ஒரு பட்டாளம்

பை பரண்மேல் கிடந்தது. ஜவுளிக்கடையில் கொடுக்கும் மஞ்சள் பை. ஒரு பக்கக் காது அறுந்து, சணலால் முடிச்சுப் போட்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில், என் சின்னத் தாத்தாவின் மகள் வீடு. "அப்பா பென்ஷன் காயிதமெல்லாம் அதுலதான் கெடக்கு. நீயே எறக்கிப் பாத்துக்கப்பா, எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் வரும்" என்றார் அத்தை.

உள்ளே பழைய ரேஷன் கார்டு, உரக்கடை ரசீதுகள், சின்னப் பாட்டியின் குடும்ப ஓய்வூதியப் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த நான்கு தாள். தியாகி பென்ஷன் கேட்டு 1981-இல் சின்னத் தாத்தா கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் கார்பன் நகல். குண்டூசி துருப்பிடித்து, நான்கு தாளிலும் ஒரே இடத்தில் பழுப்பு ஓட்டை. ஆங்கிலத் தட்டச்சு. எழுத்துகளைச் சுற்றி ஊதா கசிந்திருந்தது. கடைசித் தாளில் மட்டும் தமிழ்க் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார். பெயரின் கடைசி எழுத்து தாளின் ஓரம் போதாமல் கீழே இறங்கிவிட்டது.

மூன்றாவது பத்தியில் சிரித்துவிட்டேன். பட்டாளத்தில் சேர்ந்த ஊர் 'தெலுங்கு ஆன்சன்' என்று அடித்திருந்தது.

மலேசியாவில் உள்ள எங்கள் ஊர்தான். பினாங்கில் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சன் பெயரால் 1882-இல் தெலுக் ஆன்சன் ஆனது, சரியாக நூறு வருஷம் கழித்துத் தெலுக் இந்தான் ஆனது. பேராக் ஆற்றங்கரை, 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம், சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் தென்னையும், இப்போது செம்பனை. தாலுகா அலுவலக வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தட்டச்சுக்காரர் காதுக்கு 'தெலுக்' என்பது 'தெலுங்கு' என்று விழுந்திருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஊரில் நாங்கள் வளர்ந்தபோது தாத்தாவைப் பற்றித் தெரிந்தது ஒரே வரி: "நேதாஜி பட்டாளத்துல இருந்தவரு." மேலே கேட்டால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வார். சீருடையில் ஒரு படம் கிடையாது, பித்தளைச் சின்னம் கிடையாது. மாட்டுப் பாஷை ஒன்று இருந்தது. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்தவர், மந்தையைத் திருப்ப 'தாயினே முட்' என்பார், 'பாயே முட்' என்பார். நிறுத்த 'தம்'. மாடுகளும் கேட்டன. அது மாட்டுக்கென்றே உள்ள பாஷை என்று இடைநிலைப்பள்ளி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, நில். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) ஆங்கிலக் கட்டளைகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்துஸ்தானியில்தான் அணிவகுப்பு நடத்தியது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பையன்களுக்கு அந்த மொழியில் முதல் பாடம் இதுதான்.

அண்ணன் வாய் திறக்கவில்லை. தம்பி திறந்தார், அதுவும் பென்ஷனுக்காக, அறுபது வயதில். ஐந்தாவது பத்தியில் என் தாத்தாவின் பெயர் இருந்தது. 'நானும் என் அண்ணனும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் இப்போது மலேசியாவில் இருக்கிறார்.'

பத்திரம் சொல்லும் கதை சுருக்கம். அதைச் சுற்றிலும் நடந்தது பெரிது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் வந்து தெலுக் ஆன்சனிலும் ஊத்தான் மெலிந்தாங்கிலும் இறங்கினார்கள். கம்பாரில் ஊன்றி நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படை அதனால் பின்வாங்க வேண்டியதாயிற்று. துரைமார் ஓடிப்போனார்கள். ரப்பருக்கு விலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிதான். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரிகள் வந்தன. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார் நேதாஜி. இந்தியச் சுதந்திர லீக்கின் கிளைகள் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்தன. தாத்தாவும் தம்பியும் தேசபக்தியால் சேர்ந்தார்களா, சயாம் லாரிக்குத் தப்பச் சேர்ந்தார்களா? பத்திரம் தேசபக்தி என்கிறது. பென்ஷன் பத்திரம் வேறு எதைச் சொல்லும்? இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

தாப்பா ரோடு வரை லாரி. அங்கிருந்து ரயிலில் சிரம்பான் முகாம். மூங்கில் கம்பு வைத்து முதல் பயிற்சி. 1944-இல் பர்மாவுக்கு ரயில். அது போன தடம் எது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பான்போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில்தான் முடிந்திருந்தது. எந்த லாரிக்குப் பயந்தார்களோ, அந்த லாரி ஏற்றிப்போன ஆட்கள் போட்ட தண்டவாளத்தின் மேலேயே சிப்பாய்களாகப் போனார்கள். பத்திரத்தில் இதற்கு ஒரு வரி: 'ரயில் மூலம் பர்மா சென்றோம்.'

அப்புறம் ரங்கூன். 1945 ஏப்ரல் 24-இல் நேதாஜி கிளம்பிப் போனார். நகரத்து இந்தியர்களைக் காக்கவும் கொள்ளையைத் தடுக்கவும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதனை விட்டுச் சென்றார். மே மாதம் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் படை வந்தது. அத்தோடு இவர்கள் கைதிகள். அண்ணன் தம்பி இருவரும் ரங்கூன் மத்தியச் சிறையில். சில நாள் முன்புவரை அதே சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்திருந்தது நேச நாட்டுக் கைதிகளை.

பத்திரத்தில் மிக நீளமான பத்தி இந்தச் சிறைக்குத்தான். போர் முழுக்கப் பதினோரு வரி, சிறைக்கு மட்டும் ஒரு பக்கம். என்றைக்கு உள்ளே போனேன், என்றைக்கு வெளியே வந்தேன், எந்தக் கட்டடம், யார் யார் கூட இருந்தார்கள், எந்த மாதம் கப்பலில் மலாயாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. விதியைப் பார்த்தபின் புரிந்தது. சுதந்திரத்தின் வெள்ளிவிழாவான 1972-இல் இந்திய அரசு தியாகிகளுக்கு மாதம் 200 ரூபாய் ஓய்வூதியம் அறிவித்தது. 1980-இல் வருமான வரம்பை எடுத்துவிட்டுப் பெயரையும் 'சுதந்திரதா சைனிக் சம்மான்' என்று மாற்றியது. தகுதி, குறைந்தது ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மூன்று மாதம். சிறைச் சான்று இல்லையென்றால் கூட இருந்த கைதி எழுதித் தர வேண்டும். ஆக, சின்னத் தாத்தா துப்பாக்கி பிடித்த காலத்துக்குக் கணக்கு கிடையாது, கம்பிக்குப் பின்னால் இருந்த காலத்துக்குத்தான் கணக்கு. எதிரி பூட்டிய பூட்டுதான் அவர் சிப்பாயாக இருந்ததற்குச் சாட்சி.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று உண்டு. 1800 நவம்பரில் அவர்களுடைய போர்த்துறை அலுவலகம் எரிந்தது. விடுதலைப் போரில் சண்டை போட்டவர்களின் பதிவுகள் சாம்பல். 1832-இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது கிழவர்கள் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய், எந்த ஊரில் சேர்ந்தேன், எந்தக் கேப்டன், எந்த ஆற்றைக் கடந்தேன் என்று வாயால் சொன்னார்கள், எழுத்தர்கள் எழுதிக்கொண்டார்கள். திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்த விதவைகளும் உண்டு. இன்றைக்கு அந்த நாட்டில் பாட்டனைத் தேடுகிறவர்கள் முதலில் போவது அந்தக் கட்டுகளுக்குத்தான். அங்கும் ஆறு மாதக் கணக்கு இருந்தது. ஆனால் அது படையில் இருந்த ஆறு மாதம்.

நம் தோட்டத்துச் சிப்பாய்களின் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போனவர்களுக்காவது படை எண் இருந்தது. பிடிபட்டபின் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்து விசாரித்த குறிப்புகள் இருந்தன. லயத்திலிருந்து நேராகப் போனவனுக்குக் வருகை குறிக்கும் கிராணியின் பெரட்டுப் புத்தகத்தில் 'ஆள் இல்லை' என்ற குறிதான் இருந்திருக்கும். படித்த குடும்பத்திலிருந்து ஜான்சி ராணி படைக்குப் போன பெண்களுக்குச் சொல்ல மொழி இருந்தது. ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலனையும், 2000-இல் பத்மஸ்ரீ பெற்ற ஜானகி ஆதி நாகப்பனையும் மலேசியாவே அறியும். மரம் வெட்டியவர்களை யார் கேட்டார்கள்? ஒரு பென்ஷன் பாரம் கேட்டது. அதுவும் இந்தியாவில் இருந்தவர்களை.

சின்னத் தாத்தா இந்தியாவில் இருந்ததே ஒரு அடையாள அட்டையின் நிறத்தால். திரும்பி வந்த இருவரும் பழைய தோட்டத்திலேயே மரம் வெட்டினார்கள். தாத்தா எப்படியோ நீல ஐசி எடுத்துவிட்டார். தம்பி சிவப்பு ஐசியோடு நின்றுவிட்டார். 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் பெட்டி கட்டின. 1970-இல் அவரும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கினார். 1926-இல் கட்டிய கப்பல் அது. மலாயாவுக்கு வரும்போது பலரை ஏற்றிவந்ததும் அதுதான்.

பத்திரத்தின் மூலப் பிரதி மேலே போனது, நகல் பையில் தங்கியது. 1983-இல் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எந்த அலுவலகம் என்ற இடத்தை எலி தின்றுவிட்டது. கேள்வி மட்டும் தெளிவாக இருக்கிறது: 'தெலுங்கு ஆன்சன்' என்பது எந்த நாட்டில் உள்ளது? அப்போது ஆன்சன் என்ற பெயரே ஊரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அத்தைக்கு அது ஞாபகம் இருக்கிறது. "அப்பா அன்னிக்குச் சோறு திங்கல. நான் பொறந்த ஊரே இல்லேங்கறானே, நான் எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு." சிறையில் கூட இருந்த ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் உயிரோடு இருந்து எழுதிக் கொடுத்ததால் மனு பிழைத்தது. ஆணை வந்தபின் சின்னத் தாத்தா வாங்கியது நான்கு வருஷம். அப்புறம் சின்னப் பாட்டிக்கு வந்தது.

இம்மாதிரி வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. தாமதமாகக் கேட்டான் என்பதற்காகத் தள்ளாதே என்றது 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கு. கிரிமினல் வழக்குக்குக் கேட்கிற மாதிரி அட்சரசுத்தமான சாட்சி கேட்காதே என்றது 2001-இல் குர்தயாள் சிங் வழக்கு. 2016-இல் தொகையை உயர்த்தினார்கள். அந்தமான் கைதிகளுக்கு 30,000 ரூபாய், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே துன்பப்பட்டவர்களுக்கு 28,000, ஐ.என்.ஏ. உட்பட மற்றவர்களுக்கு 26,000. ரங்கூன் சிறை எந்த இந்தியாவுக்கு உள்ளே இருந்தது என்று கேட்க எனக்கு ஆசைதான்.

அத்தை பையோடு எடுத்துப்போகச் சொன்னார். நான் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன், பையை மறுபடி பரணில் வைத்தேன். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் ஊர். புறப்பட்ட ஊரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு ஒரு தாள் அந்த ஊருக்கே வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு. ஆங்கிலம் வராது என்பதால் நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். அணிவகுப்புப் பயிற்சி என்ற இடம் வந்தபோது, "அப்ப அது மாட்டுக்கு இல்லையா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆறு போட்டோஸ்டேட் எடுத்தேன். ஒன்று மீந்தது. பழைய லயத்தில் எங்களுக்கு நாலு கதவு தள்ளியிருந்த பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அது மேசைமேல் கிடந்தது. என்ன தாள் என்று கேட்டார், சொன்னேன். அவருடைய அப்பா சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை.

"எங்கப்பாவுக்கு இந்த மாதிரி காயிதம் எங்க கெடைக்கும் தம்பி?"

எங்கும் கிடைக்காது என்றேன். ரயில் போடப் போனவர்கள் எந்தப் பட்டாளத்திலும் இல்லை, எந்தப் பென்ஷன் பட்டியலிலும் இல்லை. பாட்டி தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வெறுமனதானே இருக்கு. பேனா வச்சிருக்கியா?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், அவருடைய அப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து எண், லாரி வந்த மாதம். மாதத்தை இரண்டு தரம் மாற்றிச் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.