பொருநைமேல் ஒரு கற்பாலம்

திரிங்காப் மலைச்சாலையில் ஓடைப்பாலங்களைக் கடந்து பள்ளிக்கு வரும் நம் மாணாக்கர்க்குப் பாலம் என்பது சாலையின் ஒரு துண்டு, அவ்வளவே. பாலமில்லாத ஊரின் துயரை அறியத் திருநெல்வேலிச் சுலோசன முதலியார் பாலத்தின் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

தாமிரபரணியின் மேல்கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும்; கீழ்க்கரையில் பாளையங்கோட்டையும் அரசு அலுவலகங்களும். இரண்டிற்கும் இடையே தோணியே துணை. வெள்ளம் பெருகினால் அத்துணையும் இல்லை. பாலம் அமைக்க ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. மக்களிடம் நன்கொடை திரட்ட எண்ணியபோது, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் முழுச் செலவையும் தாமே ஏற்றார். அவர்தம் மனைவியார் அணிகலன்களைக் கழற்றித் தந்தார் என்பர். அது செவிவழிச் செய்தி. பணம் தந்தது வரலாறு. 1843ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பெற்றது.

கேப்டன் ஃபேபர் வகுத்த இப்பாலம் பதினொரு வளைவுகள் கொண்டது. ஏன் வளைவு? நம் கோயில் மண்டபங்களில் தூண்மேல் உத்தரக்கல்லைக் கிடத்துவர். கல் அமுக்கத்தைத் தாங்கும். வளைந்தால் அடிப்புறம் பிளந்துவிடும். ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கும். ஆற்றில் அவ்வாறு நெருக்கினால் வெள்ளத்திற்கு வழியேது? வளைவிலோ மேலேறும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு இறுக்குகிறது. கல் அமுக்கத்தை மட்டுமே சுமக்கிறது. தூண்கள் விலகி நிற்கலாம். நீரும் தடையின்றிப் போகலாம். ஆயிரங்கால் மண்டபம் கண்ட மாணாக்கர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது.

இலண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பின்பற்றியது இதன் வடிவம். 1817இல் திறக்கப்பெற்ற அம்மூலப்பாலம் அடித்தளம் தளர்ந்து, 1930களில் இடிக்கப்பட்டது. படியெடுத்த நெல்லைப் பாலமோ நிற்கிறது! இதனை ஆங்கிலேயர் பாலம் என்று எழுதுவோர் உளர். வரைபடம் அவர்களுடையது, பொருள் ஒரு தமிழருடையது, கல் சுமந்த தோள்கள் யாருடையவை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நம் தேயிலை மலைச்சாலைகளை வெட்டியவர்தம் பெயர்களுக்கும் அதே கதிதான்.

1869இல் பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியைச் சிதைத்தது, பின்னர்ச் செப்பனிட்டனர். இருபதாம் நூற்றாண்டில் போக்குவரத்துப் பெருகவே அகலப்படுத்தினர். 2023 டிசம்பரில் தாமிரபரணி மீண்டும் கரை புரண்டு நகரை மூழ்கடித்தது. நீர் வடிந்தபின் வண்டிகள் அப்பாலத்தின் மீதே மீண்டும் ஓடின.