மூர் முறை

மாணவர்கள் தாமே தேற்றங்களை நிறுவிப் பல்கலைக்கழகக் கணிதத்தைக் கற்கும் முறை. அமெரிக்கக் கணிதவியலாளர் ராபர்ட் லீ மூர் (1882–1974) வகுத்தது. இன்று கணிதக் கல்வியில் ‘தேடல்வழிக் கற்றல்’ எனப்படுவதன் முக்கிய வேர்களில் ஒன்று.

தோற்றம்: டல்லாஸில் பிறந்த மூர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூஸ் ஹால்ஸ்டெடிடம் பயின்று, 1905இல் சிகாகோவில் வடிவியலின் அடிகோள்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் (1911–1920) உருவான இம்முறை, 1920 முதல் 1969 வரை டெக்சாஸில் அவர் நடத்திய வகுப்புகளில் முதிர்ந்தது.

நடைமுறை: அடிகோள்கள், வரையறைகள், நிறுவ வேண்டிய தேற்றங்கள் ஆகியவற்றை மட்டுமே மூர் தருவார். நூல்களைப் பார்க்கவோ பிறரோடு கலந்து பேசவோ அவர் அனுமதிக்கமாட்டார். தாம் கண்ட நிறுவலை ஒருவர் கரும்பலகையில் எழுத, மற்றவர்கள் அதன் பிழைகளைத் தேடுவார்கள். அதுவரை குறைவாக நிறுவியவரையே முதலில் அழைப்பது அவர் வழக்கம். வல்லவர்கள் முந்திக்கொண்டு மற்றவரின் வாய்ப்பைப் பறிக்காதிருக்க இது உதவியது. அவரிடம் 50 பேர் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுள் வைல்டர், வைபர்ன், பிங் ஆகிய மூவரும் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களாயினர். இடத்தியலில் பெரும் புகழ்பெற்ற மேரி எலன் ரூடினும் அவர் மாணவியே.

அநீதி: கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மூர் மறுத்தார். கண்டுபிடிக்கும் ஆற்றலை மாணவரிடம் நம்பிய ஆசிரியர், நிறத்தைக் காட்டிச் சிலருக்குக் கதவடைத்தது மன்னிக்க இயலாத முரண். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றிலிருந்து அவர் பெயர் 2020இல் நீக்கப்பட்டது.

மாற்றம்: பின்வந்த ஆசிரியர்கள், நூல்களைப் பார்ப்பதற்கும் கலந்து பேசுவதற்கும் இருந்த தடைகளைத் தளர்த்தினர். தனிப்போட்டிக்குப் பதில் குழுவாகச் சிந்திப்பது பரவியது. வினாக்களின் வரிசையைச் செதுக்குவது ஆசிரியரின் தலையாய பணியாயிற்று.

மதிப்பீடு: சாண்ட்ரா லார்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரை வகுப்புகளில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் பயன்பெற்றதாகக் கூறினர்; தேடல்வழி வகுப்புகளில் பெண்கள் ஆண்களுக்கு இணையான பயனைத் தெரிவித்தனர். ஆனால் நுண்புல இயற்கணிதம் பற்றி 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், தேடல்வழி வகுப்புகளில் ஆண்களே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆகவே விரிவுரையைக் கைவிடுவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. யார் பேசுகிறார், யாருடைய யோசனையை வகுப்பு எடுத்துக்கொள்கிறது என்பதை ஆசிரியர் நாள்தோறும் கவனித்தாக வேண்டும்.