திறந்த வாசலும் சாவியும்

"அண்ணாச்சி, எட்டயபுரம் பக்கம் போறீகளா? இதை எங்க மச்சான் கையில குடுத்திருங்க." கரிசக்காட்டில் முன்பெல்லாம் கடுதாசி இப்படியும் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோகிறவருக்குக் கூலி கிடையாது. நாளைக்கு அவர் கடுதாசியை இன்னொருத்தர் சுமப்பார் என்ற நம்பிக்கைதான் கூலி.

மின்னஞ்சலும் இந்த நம்பிக்கையில் பிறந்ததுதான். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளில் அனுப்புகிறவர் யாரென்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. யாரோ யாருக்கோ எழுதியதை மூன்றாவது சர்வர் ஒன்று வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இதற்கு ரிலே என்று பெயர்.

1990களில் இணையத்துக்குள் வணிகம் நுழைந்ததும் இந்த உதவியே சுரண்டலுக்கு வழியாயிற்று. விளம்பரக்காரன் ஒரே ஒரு கடிதத்தையும் ஆயிரம் முகவரிகளையும் எங்கோ ஒரு சர்வரிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவான். பிரதி எடுப்பது, அனுப்புவது, திரும்பி வந்ததைச் சுமப்பது, வசவு வாங்குவது எல்லாம் அந்த சர்வரை நடத்துகிறவர் தலையில். லாபம் ஒருத்தனுக்கு, சுமை இன்னொருத்தனுக்கு.

ஆக, வாசலை மூடியது நியாயமே. 1997இல் பால் விக்ஸியின் கறுப்புப் பட்டியல் வந்தது. 1998இல் சென்ட்மெயில் 8.9 பதிப்பு, வெளியாருக்கு ரிலே கிடையாது என்பதையே இயல்பு நிலையாக்கியது. 1999இல் பெயரும் கடவுச்சொல்லும் காட்டி அனுப்பும் முறைக்கு விதி எழுதப்பட்டது. வெளியூர் போனவரும் தன் சர்வர் வழியே எழுத முடிந்தது.

ஆனால் சாவி யாரிடம் போயிற்று? கறுப்புப் பட்டியலில் ஒரு சர்வர் ஏறினால், அதைப் பகிர்ந்துகொண்ட, ஒரு தப்பும் செய்யாதவர்களின் கடிதமும் நின்றுபோகும். அமெரிக்காவின் ஜான் கில்மோர் தன் சர்வரை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார். 2001இல் வேரியோ நிறுவனம் மூடச் சொன்னபோது மறுத்தார்; பேச்சுரிமை என்றார். பேச்சுரிமை அடுத்தவர் தலையில் சுமை ஏற்றும் உரிமையாகாது. என்றாலும், இணைப்புத் தருகிற கம்பெனியே நீதிபதியாவதை அவர் எதிர்த்தது சரிதான்.

இது பழங்கதை இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். வேறு மாநிலங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்தன. ஜூலையில் வாட்ஸாப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் கைமாற்ற முடியாதபடி வரம்பு வைத்தது. தேவையான வரம்புதான். ஆனால் எத்தனை, எப்போது, யாருக்கு என்று முடிவு செய்தது ஒரு கம்பெனி.

வாசலை மூடுகிறவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் மூடும்போதே எழுதிவைக்க வேண்டும். ரிலேயை மூடியபோது அது எழுதப்படவில்லை.